சீர்த் தட்டில் ஒரு ஸ்பீக்கர்

ஒரு புளூடூத் ஸ்பீக்கர் வாங்குவதற்காக நான் நோட்டுப் போட்டுப் படித்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள். அக்கா ஆறாம் வகுப்போடு நின்று, அவர்களோடு பழம் வெட்டப் போனாள். இப்படி ஒரு வீட்டிலிருந்து படித்து வந்தவனுக்குச் சும்மா ஒரு பொருளை எடுத்துக்கொண்டு வர வராது. பரீட்சைக்குப் போகிற மாதிரிதான் கடைக்குப் போவான்.

அக்கா மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். தாய்மாமன் நான் ஒருவன்தான். எங்கள் பக்கம் காதுகுத்து என்றால் பிள்ளைக்குக் காது குத்துவது பாதி, மாமன் என்ன கொண்டுவருகிறான் என்று பார்ப்பது மீதி. கொட்டு முன்னே போக, தட்டுத் தட்டாகத் தூக்கிக்கொண்டு போய்க் கோயில் வாசலில் பரப்பி வைக்க வேண்டும். சேலை, பழம், வளையல், பிள்ளைக்குத் தோடு எல்லாம் எப்போதும் உள்ளது. இப்போது அதோடு ஏதாவது ஒரு கரண்டுச் சாமானும் வேண்டும். பீரோ, மிக்சி எல்லாம் கல்யாணத்தின்போதே போய்விட்டது. அதில் எது குறைந்தாலும் குறை எனக்கில்லை, அக்காவுக்குத்தான். நான் சாப்பிட்டுவிட்டுப் பஸ் ஏறிவிடுவேன். அவள் அந்த வீட்டிலேயே இருக்க வேண்டும்.

அக்காவைக் கட்டிக் கொடுத்தது கூடலூரில். மாமா ஜீப் ஓட்டுகிறார். காலையில் ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு குமுளிப் பாதையில் ஏறி, சாயங்காலம் இறங்குவார். வீட்டில் அவருடைய அம்மாவும் உண்டு, எங்களுக்கு அத்தை. நான் தேனியில் ஓர் இ-சேவை மையத்தில் விண்ணப்பம் டைப் செய்யும் வேலையில் இருக்கிறேன். வாரம் முழுவதும் அங்கேயே ஓர் அறை, ஞாயிற்றுக்கிழமை ஊர். அக்காவுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கவே நேரம் பிடிக்கும் என்பதால் எங்களுக்குள் எல்லாமே வாய்ஸ் மெசேஜ்தான். அப்படித்தான் இதுவும் வந்தது.

"தம்பி, சீர்ல மாமாவுக்கு ஒரு ஸ்பீக்கர் வச்சிருடா. பெருசா இருக்கணுமாம். லைட்டெல்லாம் எரியுமாம்ல, அது. வேற ஒன்னும் வேணாம். நீ சாப்ட்டியா? சரி, வச்சிடுறேன்."

முதல் தடவை கேட்டபோது சரி என்று விட்டுவிட்டேன். ஆனால் அவள் வீட்டில் நான் பார்த்த ஒன்று மனதில் கிடந்து உறுத்தியது. பொங்கலுக்குப் போயிருந்தபோது அடுப்படியில் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோலப் பாட்டு கேட்டது. தேடிப் பார்த்தால், போனை ஒரு காலிச் சொம்புக்குள் நிறுத்தி வைத்திருந்தாள். "இப்புடி வச்சா சத்தம் கொஞ்சம் கூட வரும்டா" என்றாள். அத்தை உள்ளே வருகிற சத்தம் கேட்டதும் சொம்பின்மேல் ஒரு தட்டைக் கவிழ்த்தாள். பாட்டு நிற்கவில்லை. தட்டுக்கு அடியில் முனகிக்கொண்டே இருந்தது.

பெரிய ஸ்பீக்கர் வந்தால் அது முன்வாசலில் மாமாவின் சாமான். அடுப்படியில் சொம்பு சொம்பாகவே இருக்கும். இதுதான் என் கணக்கு.

நோட்டில் நான் எழுதிவைத்தவை இன்னும் இருக்கின்றன. பெட்டிமேல் பெரிதாகப் போட்டிருக்கும் வாட்ஸை நம்பக் கூடாது; ஒரு நிமிஷம் தம் கட்டிக் கத்துகிற சத்தத்தைக்கூட அங்கே எழுதியிருப்பார்கள். முழுச் சத்தம் வைத்தால் உடைகிறதா என்று பார்க்க வேண்டும். அதைவிட முக்கியம், சத்தத்தை நன்றாகக் குறைத்து வைத்தால் பேச்சு புரிகிறதா என்று பார்ப்பது. பெட்டிக்குப் பின்னால் நின்றும் கேட்க வேண்டும். திறந்த வெளியில் சின்னப் பெட்டி எடுபடாது. கடையில் போடும் பாட்டில் ஏமாறக் கூடாது. நமக்குப் பழகின சத்தத்தைப் போட்டுக் கேட்க வேண்டும். கடைசி வரிக்கு அடியில் இரண்டு கோடு போட்டிருந்தேன்.

தேனியில் அந்தக் கடைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். எல்லா ஸ்பீக்கருக்கும் அவரிடம் ஒரே பாட்டுத்தான், வெறும் கொட்டு. அந்தக் கொட்டுக்கு எல்லாப் பெட்டியும் நல்ல பெட்டியாகத்தான் இருந்தது.

"பேஸ் எப்புடி? நெஞ்சுல வந்து குத்துதா?"

"குத்துதுண்ணே. இதுல பேச்சுக் குரல் போட்டுப் பாக்கலாமா?"

"பேச்சா? நியூஸ் கேக்கவா வாங்குறீக?"

எனக்கு நன்றாகப் பழகின சத்தம் எது என்று யோசித்தபோது அக்காவின் குரல்தான் வந்தது. கூச்சமாக இருந்தாலும் அந்த வாய்ஸ் மெசேஜையே போட்டேன். இடுப்பு உயரத்துக்கு நின்ற பெரிய பெட்டியில் அக்கா குடத்துக்குள் இறங்கி நின்று பேசினாள். கலர் கலராக லைட் ஓடிய இன்னொன்றில் அவளுக்குச் சளி பிடித்திருந்தது. கடைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அக்கா வாய்ஸைப் போட்டு ஸ்பீக்கர் பாக்குற ஆளை இன்னைக்குத்தான் தம்பி பாக்குறேன்."

மூன்றாவதாக, சொம்பு உயரத்தில் உருளையாக ஒன்றை எடுத்து வைத்தார். லைட் இல்லை, ஒன்றும் இல்லை. அதில் போட்டதும் நான் இன்னும் கிட்டே போய்க் குனிந்தேன். அக்கா எனக்கு எதிரே நின்று பேசினாள். 'சாப்ட்டியா' என்பதற்கு முன்னால் அவள் எச்சில் விழுங்குவதுகூடக் கேட்டது. 'வச்சிடுறேன்' என்று முடிந்த பிறகு, அவள் விரலை எடுப்பதற்குள், இன்னும் நாலைந்து விநாடி மிச்சம் இருந்தது. போனில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், அதில் வெறும் இரைச்சல்தான். இப்போது அது தெளிவாக விழுந்தது.

"சொல்லிட்டியா? லைட்டு வச்சதுன்னு சொன்னியா?"

"சொல்லிட்டேன்த்தே."

மறுபடி போட்டேன். மறுபடியும் அதேதான். அத்தை பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, அக்கா பேசியிருக்கிறாள்.

"மாமியாரா?" என்றார் கடைக்காரர். நான் தலையாட்டினேன். அவர் திறந்த பெட்டிகளை மூடி அடுக்க ஆரம்பித்தார். அடுக்கிக்கொண்டே, "சீருக்குத்தான?" என்று கேட்டார்.

"ஆமாண்ணே."

"அப்ப பெருசை எடுங்க தம்பி. சீரு கண்ணுக்கு. காதுக்கு இல்ல."

அவர் சொன்னது எனக்கு விளங்காமல் இல்லை. பெரியதை வாங்கினால் அத்தை சொல்லிக் கேட்க வைத்ததற்கு நானும் தலையாட்டியதாகிவிடும். சின்னதை வாங்கினால் அக்காவைச் சொல்லுவார்கள். அந்தக் கடையில் கண்ணாடிக் கதவுக்கு உள்பக்கம் நான் நின்ற நேரம் எவ்வளவு என்று தெரியவில்லை. வெளியே பஸ்கள் போய்க்கொண்டிருந்தன, சத்தம் உள்ளே வரவில்லை. சீர் என்பது பிறந்த வீட்டிலிருந்து அக்காவுக்குப் போவது, மாமாவுக்கு இல்லையே என்று ஒரு நியாயம் கிடைத்தது. படித்தவனுக்கு நியாயம் எப்படியாவது கிடைத்துவிடும். கேட்டால் எடுத்துச் சொல்லிக்கொள்ளலாம், போட்டுக் காட்டினால் அவர்களுக்கே புரியும் என்று நினைத்துச் சின்னதை வாங்கினேன்.

ஆனி மாதம். கூடலூரிலிருந்து கொஞ்சம் தள்ளி, தோப்பை ஒட்டித்தான் அவர்கள் குலசாமி கோயில். மலையிலிருந்து இறங்குகிற காற்று அந்த மாதம் முழுவதும் நிற்காது. சேலை முந்தானையைக் கையில் பிடித்துக்கொண்டுதான் பெண்கள் நடக்க வேண்டும். தட்டுகளைக் கொண்டுபோய் வரிசையாக வைத்தோம். அம்மா என் ஸ்பீக்கரை ஒரு வாழைப்பழச் சீப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். சீப்பு அதைவிடப் பெரிதாக இருந்தது. 

காது குத்துகிற ஆசாரி மணை போட்டு என்னை உட்கார வைத்தார். மொட்டை போட்டுச் சந்தனம் தடவிய பிள்ளையை என் மடியில் கொடுத்தார்கள். தாய்மாமன் மடியில்தான் காது குத்த வேண்டும். இரண்டு காதும் முடிகிறவரை மாமன் எழுந்திருக்கக் கூடாது, அசையவும் கூடாது. நான் பிள்ளையின் இரண்டு கையையும் என் கையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

"மாப்ள, எங்க நம்ம சாமான்?" மாமா தட்டுகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். "மைக் செட்டுக்குச் சொல்லல. மாப்ள கொண்டாற ஸ்பீக்கரே போதும், தோப்பே அதிரும்னு சொல்லிட்டேன்."

இதை அவர் எனக்குச் சொல்லவில்லை. அக்காவிடமும் சொல்லியிருக்க மாட்டார். நான் பழத்தட்டைக் கண்ணால் காட்டினேன். மாமா அந்தச் சின்னப் பெட்டியைப் பிரித்து, உருளையை வெளியே எடுத்து, பெட்டிக்குள் இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று ஒருதடவை தட்டிப் பார்த்தார். அந்தத் தட்டலில் கேலி இல்லை. உண்மையாகவே தேடினார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கூட ஜீப் ஓட்டுகிற ஒருவர்தான் ஆரம்பித்தார். "ஏப்பா, மாப்ள தூக்குப் போணில்ல கொண்டாந்திருக்காரு. உள்ள என்ன கொழம்புன்னு பாரு."

"நல்லா இருக்கும் மாமா, போட்டுப் பாருங்க" என்றேன் மடியில் பிள்ளையோடு.

போட்டார். கடையில் நாலு சுவர் இருந்தது, கதவு மூடியிருந்தது. இங்கே சுவர் என்று சொல்ல மலைதான். காற்று பாட்டை வாங்கிக்கொண்டு தோப்புக்குள் போய்விட்டது. பத்தடி தள்ளி நின்றவர்களுக்கு வாயசைப்புத்தான். திறந்த வெளியில் சின்னப் பெட்டி எடுபடாது என்று நானே நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். முதன்முதலாக அதைப் போடப்போவது ஆனிக் காற்றில், கோயில் தோப்பில் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"சத்தம் வைய்யிப்பா!"

"வச்சாச்சு. இம்புட்டுத்தான்."

அத்தை என் பக்கம் பார்க்கவே இல்லை. கூடியிருந்த பெண்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னார்: "படிச்ச மாமன்ல ஆத்தா. அவுக பாத்துத்தான் வாங்குவாக. நாம கேட்டது அவுக காதுல எங்க விழுகப் போகுது."

என் காதில் விழுந்தது எனக்கும் என் சட்டைப் பைக்கும்தான் தெரியும். போன் பையில் இருந்தது. எழுந்து நின்று அந்த வாய்ஸ் மெசேஜைப் போட்டுக் காட்டினால் அந்தச் சிரிப்பு நின்றுவிடும். அக்காவின் வாழ்க்கையும் அதோடு வேறாகிவிடும். எழுந்திருக்கவும் முடியாது. "மாமன் அசையாதீக" என்றார் ஆசாரி, ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு.

அப்போது அக்கா சொன்னாள். "நான்தான்த்தே சின்னதா போதும்னு சொன்னேன். பெருசு எங்க வைக்கிறதுன்னு."

"நீயா சொன்ன?"

"ஆமா. நான்தான்."

அக்கா என்ன சொன்னாள் என்பது பக்கத்தில் நின்று கேட்ட அத்தைக்குத் தெரியும். பொய் என்று அத்தைக்குத் தெரியும் என்பது அக்காவுக்கும் தெரியும். மாமாவுக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. அவர் அக்காவை ஒருதடவை பார்த்தார், ஸ்பீக்கரைப் பழத்தட்டிலேயே வைத்துவிட்டார். ஆசாரி ஊசியைப் போட்டார். பிள்ளை என் நெஞ்சில் உதைத்துக்கொண்டு கத்தியதைப் பார்க்க வேண்டும்.

"இந்தா, இதுதான்யா ஸ்பீக்கரு!" என்றார் அந்த ஜீப்காரர். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது. இன்னொரு காது பாக்கி இருந்தது.

சாப்பாடு முடிந்து, அண்டா கழுவும் இடத்தில் அக்காவைப் பிடித்தேன்.

"ஏன்க்கா அப்புடிச் சொன்ன?"

"பெறகு? எல்லாருக்கும் முன்னால ஒன்னைய விட்டுக் குடுக்கச் சொல்றியா?"

"ஒனக்குன்னுதான்க்கா வாங்குனேன். அடுப்படில வச்சுக் கேக்க. சொம்புல போட்டுக் கேக்குறீல்ல."

அவள் கையை முந்தானையில் துடைத்துவிட்டு ஸ்பீக்கரை வாங்கினாள். ஒரு பாட்டைத் தாழ வைத்துக் காதோரம் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகம் ஒரு நிமிஷம் நான் நினைத்த மாதிரியே ஆனது. பிறகு அணைத்துவிட்டாள்.

"நல்லாத்தான்டா இருக்கு. எனக்குன்னு வாங்குனா என் கையில தந்திருக்கணும். தட்டுல வச்சா எப்படிடா? தட்டுல வர்றது எனக்கு வர்றதா?" என்று திருப்பிக் கொடுத்தாள். "எடுத்துட்டுப் போயி மாத்திட்டு வா. லைட்டு உள்ளது."

"இதை நீ வச்சுக்க. அவுகளுக்கு வேற வாங்கித் தாறேன்."

"இதை இனி அங்கன வச்சா தெனமும் இந்தப் பேச்சுத்தான். எடுத்துட்டுப் போடா."

இவ்வளவு படித்தும் இந்த ஒரு விஷயம் என் நோட்டில் எந்தப் பக்கத்திலும் இல்லை. தேனிக்குக் கொண்டுபோனபோது கடைக்காரர் பிரித்த பெட்டியைத் திருப்பி எடுக்க மாட்டேன் என்றார். "நான் அன்னைக்கே சொன்னேன்ல" என்று அவர் கேட்கவில்லை. இடுப்பு உயரப் பெட்டியைத் துடைத்து எடுத்து வைத்தார். நானும் எதையும் போட்டுக் கேட்கவில்லை. லைட் எரிகிறதா என்று மட்டும் பார்த்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதைப் பஸ்ஸில் ஏற்றி, டிரைவருக்குப் பக்கத்தில் இஞ்சின் மேல் வைத்துப் பிடித்துக்கொண்டு கூடலூர் போனேன். கண்டக்டர், "எந்த ஊர்ல கச்சேரி?" என்றார். சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என்று ஒவ்வொரு ஊரிலும் ஏறியவர்கள் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். கடையில் சின்னதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறியபோது எனக்கு ஏதோ சாதித்த மாதிரி இருந்தது. இதைப் பிடித்துக்கொண்டு போனபோது கைவலி தவிர ஒன்றும் இல்லை.

மாமா வாசலிலேயே அதைக் கட்டிப் பிடித்துத் தூக்கினார். "அடிபொளி மாப்ள! இது ஸ்பீக்கரு!" மலையேறிப் போய்ப்போய் அவருக்கு அந்தப் பக்கத்து மலையாளச் சொல் ஒட்டிக்கொண்டது. போட்டதும் வீட்டு ஓடு அதிர்ந்தது. அத்தை எனக்கு இரண்டு முட்டை வைத்துச் சோறு போட்டார். அக்கா குழம்பு ஊற்றிவிட்டுப் போனாள், என்னவோ கேட்டாள், எனக்குக் கேட்கவில்லை. "என்னக்கா?" என்றேன். அவள் கையாலேயே 'ஒன்றுமில்லை' என்று காட்டினாள்.

மாமா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து காதோடு காதாகக் கத்தினார். "ஒனக்குச் சத்தம் ஜாஸ்தியா தெரியும் மாப்ள. காலைல ஜீப்பை எடுத்தா இஞ்சின் சத்தந்தான். எறங்கி வந்த பெறகும் காதுக்குள்ள அது ஓடிக்கிட்டே இருக்கும். அதை அமுக்கணும்னா இம்புட்டு வேணும். சின்னதுல எனக்கு எதுவும் கேக்கல மாப்ள, அதான். வேற ஒன்னும் நெனைச்சுக்காத."

அவர்மேல் கோபப்பட எனக்கு இருந்த கடைசி வழியும் அதோடு அடைந்துபோனது.

சின்ன ஸ்பீக்கர் இப்போது சுருளிப்பட்டியில் எங்கள் வீட்டில், டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நான் வந்ததும் அம்மா முதலில் கேட்பது அக்காவின் வாய்ஸ் மெசேஜைத்தான். வாரம் முழுவதும் வந்ததைச் சேர்த்து வைத்துப் போட்டுக் காட்டுவேன். போனில் சரியாகக் கேட்காத அம்மாவுக்கு அதில் ஒரு எழுத்துக் குறையாமல் கேட்கும். மகள் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்ட மாதிரி எழுந்து முந்தானையைச் சரி செய்துகொள்வாள்.

போன வாரம் போட்டபோது அக்கா வழக்கம்போலப் பேசினாள். பிள்ளைக்குக் காதுப் புண் ஆறிவிட்டது, தோடு மாற்றியாயிற்று, மழை உண்டா, நீ சாப்ட்டியா. ஆனால் முன்னைப் போலத் தாழப் பேசவில்லை. குரலை உயர்த்திப் பேசினாள். அவள் குரலுக்குப் பின்னால் தும் தும் என்று ஒன்று விடாமல் இருந்தது. போனில் அது இருப்பதே தெரியாது. இந்த ஸ்பீக்கரில் அது எந்தப் பக்கத்துச் சுவரிலிருந்து வருகிறது என்றுகூடச் சொல்லிவிடலாம்.

"என்னய்யா கொட்டு அடிக்குது? அங்கன ஏதும் விசேஷமா?" என்றாள் அம்மா.

"இல்லம்மா. நான் வாங்கிக் குடுத்த ஸ்பீக்கரு."

அம்மா கொஞ்ச நேரம் கேட்டாள். மறுபடி போடச் சொன்னாள். போட்டேன்.

"அந்தக் கொட்டை மட்டும் கொஞ்சம் கொறைய்யா. புள்ள பேசுறது கேக்கட்டும்."

நான் சத்தம் குறைக்கும் பொத்தானை அழுத்தினேன். கொட்டு குறைந்தது. அக்காவும் குறைந்தாள். இன்னொரு தடவை அழுத்தினேன். அம்மா ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் குனிந்து காதை வைத்தாள்.